செய்தியில் 38 டிகிரி. உங்கள் ஏசி நிற்கும் மொட்டை மாடியில் எவ்வளவு? கரண்ட் பில்லில் இது எப்படி எதிரொலிக்கிறது?

"சென்னையில் இன்று 38 டிகிரி வெயில்." கோடை வந்துவிட்டால் தினமும் இந்தச் செய்தியைச் சொல்கிறோம், நீங்களும் கேட்கிறீர்கள். ஆனால், அந்த 38 டிகிரி எங்கே அளக்கப்பட்டது என்று யோசித்திருக்கிறீர்களா?

நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கும் வானிலை ஆய்வு மையத்தின் நிலையங்களில் அளக்கப்பட்டது. வெயில் நேரடியாகப் படாத, காற்று உள்ளே வந்து போகிற வெள்ளை நிற மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் வெப்பமானி இருக்கும். சுற்றிலும் திறந்த வெளி. உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள். அது சரியான முறையும்கூட.

சிக்கல் என்னவென்றால், உங்கள் ஏசியின் அவுட்டோர் யூனிட் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் இல்லை. அது மொட்டை மாடியில், கொதிக்கிற தளத்தின் மேல், கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கிறது. அது இழுக்கும் காற்று வேறு, செய்தியில் சொல்லும் காற்று வேறு. இந்த வித்தியாசம் கரண்ட் பில்லில் தொடங்கி, கட்டடங்களுக்கான மின்சாரக் கணக்கு, மாநிலத்தின் மின் தேவை வரைக்கும் போகிறது. எப்படி? பார்க்கலாம்.

மொட்டை மாடி எவ்வளவு சூடாகிறது?

கோடை மதியத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மொட்டை மாடியிலும் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வைத்து ஆன் செய்த மாதிரி. சாதாரண சிமென்ட் தளம் இதில் அறுபது, எழுபது சதவிகிதத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நாள்பட்டு அழுக்கேறிய தளம் இன்னும் அதிகமாகவே வாங்கும்.

விளைவு? காற்று 38 டிகிரியில் இருக்கும்போது தளத்தின் மேற்பரப்பு 55, 60 டிகிரிக்குப் போய்விடும். தகர ஷீட்டும், கறுப்பு நிற வாட்டர்ப்ரூஃப் பூச்சும் அதையும் தாண்டும். மதியம் செருப்பில்லாமல் துணி காயப்போடப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சூடான தளம் மூன்று வழிகளில் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு பங்கு கீழே இறங்கி வீட்டுக்குள் வருகிறது. ஒரு பங்கு கதிர்வீச்சாக வானத்தை நோக்கிப் போகிறது. மீதி, தளத்தை உரசிக்கொண்டு போகும் காற்றைச் சூடாக்குகிறது. அவுட்டோர் யூனிட்டுக்குச் சிக்கலைக் கொடுப்பது இந்த மூன்றாவது பங்குதான்.

தளத்தை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. மேலே போகப்போக வித்தியாசம் வேகமாகக் குறையும். நல்ல காற்று அடித்தால் சூடு கலைந்துவிடும். காற்று அசையாத மதிய நேரத்தில், அதுவும் மூன்றடி, நாலடி கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் இருந்தால், மொட்டை மாடி ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். சூடான காற்று அதற்குள்ளேயே தேங்கி நிற்கும். சென்னையில் கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில் இது நன்றாகவே தெரியும்.

அவுட்டோர் யூனிட்டுக்கு என்ன ஆகிறது?

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெளியே கொட்ட வேண்டுமென்றால், யூனிட்டுக்குள் ஓடும் கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் கேஸ் 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிக்காற்று ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது கம்ப்ரஸர்.

போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 அடியில் இருந்தபோது தொட்டி சீக்கிரம் நிரம்பியது. அதுவே 200 அடிக்கு இறங்கிவிட்டால்? அதே தண்ணீருக்கு மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது, கரண்டும் அதிகம் இழுக்கிறது. ஏசிக்கும் அதே கதிதான். வெளிக்காற்றின் சூடு ஏறினால் வெப்பத்தை 'ஏற்ற வேண்டிய உயரம்' கூடுகிறது.

தோராயமாக, வெளிக்காற்று ஒரு டிகிரி ஏறினால் அதே அளவு குளிருக்கு 2 முதல் 3 சதவிகிதம் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். கூடவே, ஏசி தரக்கூடிய அதிகபட்சக் குளிரும் சுமார் 1 சதவிகிதம் குறையும். அதாவது, நமக்குக் குளிர் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இயந்திரத்தின் கை தளர்கிறது.

விளம்பரத்தில் "52 டிகிரி வெயிலிலும் இயங்கும்" என்று சொல்வார்கள். இயங்கும், உண்மைதான். அதே குளிரை அதே கரண்டில் தரும் என்று அதற்கு அர்த்தமில்லை. மதியத்தில் ரூம் குளிரவில்லை என்றால், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்லி கேஸ் நிரப்பிவிட்டுப் போவதும் நடக்கிறது. சாயங்காலம் ஆனதும் ஏசி தானாகவே நன்றாகக் குளிர ஆரம்பித்தால், கேஸை மட்டும் சந்தேகப்படாதீர்கள். அவுட்டோர் யூனிட் எங்கே நிற்கிறது என்றும் ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள்.

கரண்ட் பில்லில் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மேல் மாடியில் ஒரு வீடு. பகலில் வீட்டிலிருந்தே வேலை. ஒன்றரை டன் ஏசி, மணிக்கு 1.5 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 11 முதல் மாலை 5 மணி வரை ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட்.

அவுட்டோர் யூனிட் இழுக்கும் காற்று, செய்தியில் சொல்லும் வெப்பத்தைவிட 3 டிகிரி அதிகம் என்று வைப்போம். டிகிரிக்கு இரண்டரை சதவிகிதம் என்றால் ஏழரை சதவிகிதம் கூடுதல். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாத பில்லில் சுமார் 40 யூனிட்.

"40 யூனிட்தானே?" என்று தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதுவரை குறைந்த விலையில் இருந்த சில யூனிட்டுகளும் அதிக விலைக்கு மாறிவிடும். 480-ல் நிற்க வேண்டிய வீட்டை 520-க்குத் தள்ள இந்த 40 யூனிட் போதும்.

பெரிய கடைகளுக்கு இன்னும் பெரிய கணக்கு. மொட்டை மாடியில் 100 டன் ஏசி யூனிட்டுகள் வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது என்றால், அதே ஏழரை சதவிகிதம் 9 கிலோவாட். ஆறு வீட்டு ஏசிகள் ஒரே நேரத்தில் ஓடுகிற அளவு மின்சாரம், குளிருக்காக இல்லாமல் சூடான காற்றோடு மல்லுக்கட்டவே போகிறது.

ராத்திரி மட்டும் ஏசி போடுபவர்களுக்கு?

இங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. வெயில் இறங்கிய பிறகு தளத்தின் மேற்பரப்பு சீக்கிரமே ஆறத் தொடங்கும். இரவு 10 மணிக்கு அவுட்டோர் யூனிட் இழுக்கும் காற்றுக்கும் தெருவில் இருக்கும் காற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி அப்படி இல்லை. பகல் முழுக்க வாங்கிய சூடு மெதுவாகக் கீழே இறங்கி, சாயங்காலத்துக்கு மேல்தான் உங்கள் சீலிங்கை அடைகிறது. ராத்திரி ஃபேன் போட்டால் அனல் காற்று வருவது இதனால்தான். ஆக, பகலில் ஏசி ஓட்டும் கடைக்கும் ஆபீசுக்கும் தளத்தின் சூடு இரண்டு பக்கமும் அடி: அறையும் சூடாகிறது, இயந்திரமும் தளர்கிறது. இரவில் ஓட்டும் வீட்டுக்கு அடி முக்கியமாக சீலிங் வழியாக மட்டும்.

ஸ்டார் ரேட்டிங்கில் இதெல்லாம் வராதா?

ஏசியின் குளிர்த் திறனை ஆய்வகத்தில் சோதிக்கும்போது வெளிப்பக்கக் காற்றை 35 டிகிரியில் வைக்கிறார்கள். பிறகு, ஆண்டில் எத்தனை மணி நேரம் எந்த வெப்பநிலையில் ஏசி ஓடும் என்ற ஒரு பட்டியலை வைத்து ஸ்டார் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் அந்தப் பட்டியல் 24 டிகிரியில் தொடங்கி 43 டிகிரி வரை போகிறது. மொத்தம் 1,600 மணி நேரம். நாடு முழுக்க ஒரே பட்டியல்தான்.

இரண்டு ஏசிகளில் எது சிக்கனம் என்று ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல். ஆனால், அந்த வெப்பநிலைகள் ஊரின் காற்று வெப்பநிலைகள். உங்கள் மாடியில், இரண்டு சுவர் சேரும் மூலையில் நிற்கும் யூனிட்டை அது அறியாது. ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் ஆண்டு யூனிட்டும் உங்கள் பில்லும் ஒத்துப்போகாமல் இருக்க, ஏசி ஓடும் நேரத்துக்கு அடுத்தபடியாக இதுவும் ஒரு காரணம்.

பெரிய கட்டடங்களின் கம்ப்யூட்டர் கணக்கில் ஓட்டை எங்கே?

இப்போது பெரிய ஆஸ்பத்திரி, ஐடி வளாகம், மால் கட்டும் முன்பே அது ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். இதற்கு எனர்ஜி மாடலிங் என்று பெயர். எத்தனை டன் ஏசி வாங்குவது, எந்தக் கண்ணாடி போடுவது, பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்தே முடிவாகிறது.

இந்தக் கணக்குக்குள் ஒரு வானிலைக் கோப்பு போகும். ஒரு ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று வேகம் அதில் இருக்கும். பெரும்பாலும் விமான நிலையம் போன்ற திறந்த வெளி நிலையங்களின் அளவீட்டை வைத்துத் தயாரிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'எனர்ஜி பிளஸ்' போன்ற மென்பொருள்கள் கூரையின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகும் என்பதை மணிக்கு மணி சரியாகவே கணக்கிடுகின்றன. அதிலிருந்து எவ்வளவு வெப்பம் அறைக்குள் இறங்கும் என்றும் சொல்கின்றன. ஆனால், அதே கூரையின் மேல் நிற்கும் ஏசி இயந்திரம் எந்தக் காற்றை இழுக்கிறது என்று வரும்போது, நாம் தனியாக மாற்றிச் சொல்லாவிட்டால், வானிலைக் கோப்பில் இருக்கும் காற்றையே எடுத்துக்கொள்கின்றன. ஒரே கணக்கில் ஒரு வரியில் கூரை 60 டிகிரி. அடுத்த வரியில் அதே கூரையில் நிற்கும் இயந்திரத்துக்கு 37 டிகிரி காற்று. கூரை தன் மேலிருக்கும் காற்றைத் தொடவே இல்லை என்பது போல!

அறைக்குள் புதுக்காற்று அனுப்பும் மின்விசிறிகளும் பல கட்டடங்களில் மாடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. அந்தக் காற்றும் சூடுதான், அதைக் குளிர்விப்பதும் கூடுதல் வேலைதான். இதுவும் கணக்கில் விடுபடுகிறது.

தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவர் வைத்த கட்டடங்களுக்குப் பாதிப்பு குறைவு. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை வேலை செய்கின்றன. காற்று 3 டிகிரி சூடேறினாலும், அவற்றுக்கு அது ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றமாகத்தான் தெரியும். முழுப் பாதிப்பும் காற்றால் குளிரும் யூனிட்டுகளுக்கே. வீடுகளிலும் நடுத்தரக் கட்டடங்களிலும் இருப்பவை இந்த ரகம்தான்.

"அப்போ எல்லாக் கணக்கிலும் 3 டிகிரி கூட்டிவிட்டால் போதுமே?" என்று கேட்கலாம். அதுவும் தப்பு. வெயில் இல்லாத நேரத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். காற்றடிக்கும் மதியத்தில் சிறிது. காற்று நின்ற மதியத்தில் அதிகம். சின்ன வீட்டு மாடியைக் காற்று சில நொடிகளில் கடந்துவிடும். பெரிய மால், கிடங்கு என்றால் காற்று நெடுந்தூரம் சூடான கூரையை உரசிக்கொண்டே வந்துதான் இயந்திரத்தை அடையும். ஆக, கூட்ட வேண்டிய எண் வெயிலோடும் காற்றோடும் சேர்ந்து மணிக்கு மணி மாற வேண்டும். இருக்கிற கட்டடம் என்றால் வழி சுலபம்: யூனிட்டின் காற்று நுழையும் பக்கத்தில், வெயில் படாமல், ஒரு சின்ன வெப்பப் பதிவுக் கருவியை இரண்டு வாரம் கட்டிவைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வெள்ளை பெயின்ட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கூரையை வெள்ளையாக்குவது நமக்குப் புதிதில்லை. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊரில் பழைய பழக்கம். இப்போது அது அரசுத் திட்டமாகவும் ஆகியிருக்கிறது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெப்பம் தாங்கும் கூரையாக மாற்றுவது அதன் இலக்கு. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு எரிசக்தி சேமிப்புக் கட்டட விதியும், தட்டையான கூரை புதிதாக இருக்கும்போது வெயிலில் குறைந்தது 60 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது.

வெள்ளைக் கூரையின் மேற்பரப்பு மதியத்தில் சாதாரணத் தளத்தைவிட 10 முதல் 20 டிகிரி வரை குறைவாக இருக்கும். மேல் மாடி அறைக்கு இது நேரடி லாபம். குறிப்பாக, ஏசியே இல்லாத, ஷீட் கூரை போட்ட வீடுகளுக்கு இது சுகம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அவுட்டோர் யூனிட்டுக்கும் லாபம்தான், ஆனால் அளவு சின்னது. தளத்தின் சூட்டில் 15 டிகிரி குறைந்தால் யூனிட் இழுக்கும் காற்றிலும் 15 டிகிரி குறையாது. குறைவது ஒன்றிரண்டு டிகிரியாக இருக்கும், நல்ல காற்றடித்தால் அதுவும் இருக்காது. "பெயின்ட் அடிங்க, ஏசி பில் பாதியாகும்" என்று யாராவது சொன்னால், எந்த மாடியில், பகலிலா இரவிலா என்று திருப்பிக் கேளுங்கள். கீழ்த்தளத்து வீட்டுக்கு அதனால் கிடைப்பது மிகவும் கொஞ்சம்.

இன்னொன்று, வெள்ளை வெள்ளையாகவே இருக்காது. தூசி, புகை, பாசி, புறா எச்சம் என ஓரிரு ஆண்டுகளிலேயே பளிச்சென்று இருந்தது மங்கிவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கட்டட விதி, புதுப் பூச்சின் அளவைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகள் வெயிலில் கிடந்த பூச்சின் அளவைக் கேட்பது இதனால்தான். எனர்ஜி மாடலிங் செய்யும்போதும் டப்பாவில் அச்சடித்த எண்ணைப் போட்டால், லாபம் காகிதத்தில் மட்டும் நிற்கும்.

கூரை மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. பல மாடிகளில் கூரையைவிடப் பெரிய வில்லன், ஏசி தானே கக்கும் காற்று. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5 கிலோவாட் வெப்பத்தை எடுத்தால், தான் இழுத்த கரண்டையும் சேர்த்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல் மாடியில் கொட்டுகிறது. நாலு யூனிட்டை வரிசையாக வைத்தால் 26 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மாடியில் போட்டது போல.

அந்த அனல் வெளியே போக வழியில்லாமல் எதிரே சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, இன்னொரு யூனிட்டோ இருந்தால், கக்கிய காற்றையே திரும்ப இழுக்கும். அப்போது யூனிட்டுக்குள் போகும் காற்று பல டிகிரி எகிறும். கடைசியில் பாதுகாப்புக்காக கம்ப்ரஸர் 'ட்ரிப்' ஆகி நின்றுவிடும். வெள்ளை பெயின்ட் இதைச் சரிசெய்யாது. யூனிட்டை நகர்த்தினால்தான் சரியாகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* யூனிட்டைத் தளத்தில் அப்படியே வைக்காமல், ஸ்டாண்ட் போட்டு இரண்டடியாவது உயர்த்துங்கள். சூடான காற்று தளத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

* யூனிட்டின் முன்பக்கம், அனல் வரும் பக்கம், திறந்த வெளியைப் பார்க்கட்டும். ஒரு யூனிட்டின் அனல் அடுத்த யூனிட்டின் முதுகில் அடிக்கக் கூடாது.

* வடக்குப் பார்த்த சுவரில் மாட்ட இடமிருந்தால் மொட்டை மாடியைவிட அது நல்லது. சர்வீஸ் ஆள் பாதுகாப்பாக நின்று வேலை பார்க்க வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

* நிழல் போடுவது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் கிடைப்பது சிறு பலன். நிழலுக்காகப் பெட்டி அடித்துக் காற்றை மறைத்தால் நஷ்டம்தான்.

* யூனிட்டின் மேல் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு படிந்து கண்டென்சர் தகடுகள் அடைக்கும், அரிக்கும். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளிப்பது வேறு விஷயம். அது தளத்தை ஆற்றும்.

* கண்டென்சர் தூசியைக் கோடைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். தூசி அடைத்த யூனிட்டுக்கு 38 டிகிரியே 42 டிகிரி மாதிரி.

இது ஏன் நம் எல்லோருக்குமான விஷயம்?

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை மாநிலம் காணாத உச்சம். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்த இரண்டு செய்திகளும் சந்திக்கும் இடம் மொட்டை மாடிதான்.

ஊரே தகிக்கும் மதியத்தில் எல்லா ஏசிகளும் ஒன்றாக ஓடுகின்றன. அதே நேரத்தில்தான் ஒவ்வொரு ஏசியும் தளர்ந்து, அதிகம் இழுக்கிறது. கட்டடம் கட்டும்போது 37 டிகிரி காற்றை நம்பிக் கணக்குப் போட்டவர்கள், ஆண்டு மொத்தத்தில் பெரிதாகத் தப்பவில்லை என்று சொல்லலாம். ஆண்டு மொத்தத்தில் இந்த வித்தியாசம் சில சதவிகிதம்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஆண்டு சராசரியைப் பார்த்து வெடிப்பதில்லை. அந்த ஒரு மதியத்தைத் தாங்க முடியாமல்தான் வெடிக்கிறது. அப்போது கரண்ட் போவது ஏசி வைத்திருப்பவருக்கு மட்டுமில்லை, பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு ஃபேனை நம்பிப் படுத்திருப்பவருக்கும்தான்.

பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது கூரைக்கு என்ன பூச்சு என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். அந்தக் கூரையின் மேல் நிற்கப்போகும் இயந்திரம் எத்தனை டிகிரி காற்றை இழுக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டீர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்க்க அரசுக்குச் செலவு எதுவும் ஆகாது.